2,014 வேர்களும் ஒரு மலையும்

அப்பாவுக்குச் சுருளிப்பட்டிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் போட்ட பன்னீர் திராட்சை. போன அக்டோபரில் இரண்டு மாதம் என்னோடு இருக்கலாம் என்று ம்யூனிக் வந்தவர், முதல் வாரத்திலேயே ஊருக்குத் தினமும் இரண்டு முறை போன் போட ஆரம்பித்துவிட்டார். கவாத்துக்கு ஆள் வந்ததா, மோட்டார் ஓடுகிறதா, மழை எப்படி. நாலு சுவருக்குள் அவரை வைத்திருப்பது எனக்கே பொறுக்கவில்லை. எங்கே கூட்டிப்போகலாம் என்று யோசித்தபோது பாரிஸ், வெனிஸ் எதுவும் மனதில் நிற்கவில்லை.

"எரிமலை பார்க்கிறீங்களாப்பா?"

"இப்ப எரியுதா?"

"இல்ல. 1944-ல கடைசியா எரிஞ்சது."

"சரி, போவோம்."

இத்தாலியின் நேப்பிள்ஸிலிருந்து ஒரே நாளில் பொம்பெயி இடிபாடுகளையும் வெசுவியஸ் எரிமலையையும் காட்டிக் கூட்டிவரும் பஸ் பயணங்கள் நிறைய உண்டு. தனியாகவும் போகலாம். மலையைச் சுற்றி ஓடும் சிறு ரயிலில் ஏறினால் ஏறக்குறைய நாற்பது நிமிடத்தில் பொம்பெயி வாசலில் இறங்கிவிடலாம். மலைக்குப் போக எர்கொலானோவில் இறங்கி வேறு வண்டி பிடிக்க வேண்டும். அறுபத்தேழு வயது ஆளைக் கூட்டிக்கொண்டு கூட்ட நெரிசலில் ரயில் மாறி ஏற எனக்கு மனமில்லை. வழிகாட்டியோடு கூடிய பயணத்தைப் பதிந்தேன். பொம்பெயிக்கு 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேர்தான், டிக்கெட்டில் பெயர் இருக்கும், பாஸ்போர்ட்டும் கையில் வேண்டும். வெசுவியஸுக்கு நேரம் குறித்த டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கியிருக்க வேண்டும். இரண்டையும் அவர்களே பார்த்துக்கொண்டது நிம்மதி.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. பதிவில் "பொம்பெயியில் மூன்று மணி நேரம்" என்று போட்டிருந்தார்கள். காலையில் பஸ் நேராக அங்கே போகவில்லை. வழியில் பவளமும் சிப்பியில் செதுக்கிய நகையும் விற்கிற ஒரு கடையில் நிறுத்தி நாற்பது நிமிடம் நிற்க வைத்தார்கள். மலைக்கான நேரம் மாற்ற முடியாதது என்பதால் அந்த நாற்பது நிமிடமும் பொம்பெயியிலிருந்துதான் கழிந்தது. தூர தேசத்திலிருந்து, வாழ்நாளில் ஒரு முறை வருகிறவர்களின் நேரம் அது. நீங்கள் பதிவதாக இருந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இடையில் கடை நிறுத்தம் உண்டா? பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

எங்கள் வழிகாட்டிக்கு அதில் பங்கில்லை. ஐம்பதை ஒட்டிய அந்தப் பெண்மணி மலையடிவாரத்தில் தோர்ரே தெல் கிரேகோவில் பிறந்து வளர்ந்தவர். கடையில் நின்ற நேரத்தில் அவரே எங்களைவிடத் தவித்தார். பஸ்ஸுக்குத் திரும்பியதும், "இழந்த நேரத்தை நான் நடையில் பிடித்துத் தருகிறேன், என் பின்னால் வாருங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். சொன்னபடி நடக்கவும் செய்தார்.

கடல் வாசல் வழியாக ஏறி உள்ளே போனதும் எல்லோரும் தூண்களை அண்ணாந்து பார்த்தார்கள். அப்பா குனிந்தார். தெருவில் பாவியிருக்கும் பெரிய பெரிய கருங்கற்களில் வண்டிச் சக்கரம் ஓடி ஓடி நாலு விரல் ஆழத்துக்குத் தடம் விழுந்திருக்கிறது. அதில் கையை வைத்துத் தடவினார்.

"இது என்ன கல்லு? நம்ம ஊரு கருங்கல்லு இல்ல இது. ஓட்டை ஓட்டையா இருக்கு."

வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "உன் அப்பா சரியான இடத்தில் தொடங்குகிறார். இது வெசுவியஸின் கல். பழைய எரிமலைக் குழம்பு உறைந்த பாறை. இந்த ஊரே அப்படி உறைந்த ஒரு மேட்டின் மேல்தான் நிற்கிறது" என்றார்.

அன்று முழுக்க எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது இந்த ஒரு வரிதான். பொம்பெயி என்றாலே ஒரு மலை வெடித்து ஊரை அழித்த கதை என்றுதான் பள்ளியிலிருந்து கேட்டிருக்கிறேன். அழிப்பதற்கு முன்னால் அந்த ஊரைக் கட்டியதும் அதே மலைதான் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. தெருவுக்குக் கல் கொடுத்தது. வயலுக்குச் சாம்பல் கொடுத்தது. ரொட்டிக் கடையில் பார்த்தோம், கோதுமை அரைக்கிற திருகைகள் மனித உயரத்துக்கு நிற்கின்றன, அவையும் எரிமலைப் பாறைதான். அப்படி ஒரு கடையின் அடுப்புக்குள் 81 ரொட்டிகள் கருகிய நிலையில் கிடைத்தன. அவற்றை நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். எட்டுத் துண்டாகப் பிய்க்க வசதியாக மேலே கீறிவிட்ட ரொட்டிகள்.

அந்த அருங்காட்சியகத்துக்கு முந்தைய நாளே போயிருந்தோம். இடிபாடுகளுக்குப் போகும் முன் அதைப் பார்த்துவிடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்லுவேன். ஊரில் இருப்பவை சுவர்கள், வீட்டுக்குள் இருந்தவை எல்லாம் அங்கேதான். அங்கே ஒரு சுவரோவியம் இருக்கிறது. உடம்பு முழுக்கத் திராட்சைக் குலையாகவே நிற்கிறார் மதுவின் தெய்வம் பாக்கஸ். பக்கத்தில் ஒரு மலை, அடிவாரத்தில் வரிசை வரிசையாகக் கொடிகள், மேலே காடு. வெசுவியஸ்தான் அது என்று பெரும்பாலானோர் கருதுகிறார்கள். புகை கிடையாது, நெருப்பு கிடையாது. அந்த ஊர்க்காரர்கள் கண்ணுக்கு மலை அப்படித்தான் தெரிந்திருக்கிறது, பச்சையாக. கி.பி. 62-இல் பெரிய நிலநடுக்கம் வந்து பாதி ஊர் இடிந்தபோதும், காரணம் தலைக்கு மேலே நிற்கிறது என்று அவர்கள் நினைக்கவில்லை. சுவரை மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்கள். பல வீடுகளில் அந்தப் பூச்சுவேலை முடியாமலே நிற்கிறது.

இன்னொரு அறையில் தந்தத்தில் செய்த ஒரு பெண் உருவம். ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதல். காதில் கழுத்தில் கையில் நிறைய நகை, இரு பக்கமும் தோழிகள். 1938-இல் பொம்பெயியின் ஒரு வீட்டில் கிடைத்தது. லட்சுமி என்று பெயர் பெற்றுவிட்டாள், யட்சியாக இருக்கலாம் என்பவர்களும் உண்டு. இந்தியாவில் செதுக்கி, கடல் தாண்டிப் போனவள். அப்பா கண்ணாடிக்கு வெகு அருகில் போய், "இத்தாந் தூரத்துக்கு வந்துட்டியாம்மா நீயி" என்று அவளிடம் மெதுவாகச் சொன்னார்.

பொம்பெயியின் மன்றத்தில் நின்று வடக்கே பார்த்தால் ஜூப்பிட்டர் கோயிலின் உடைந்த தூண்களுக்குப் பின்னால் மலை முழுசாகத் தெரிகிறது. அங்கேதான் வழிகாட்டி எங்களை நிறுத்தி அந்த இரண்டு நாள் கதையைச் சொன்னார். கி.பி. 79. மதியம் ஒரு மணிவாக்கில் மலை உச்சியிலிருந்து ஒரு தூண் எழும்புகிறது. முப்பது கிலோமீட்டருக்கும் மேலே போய், குடை விரித்த பைன் மரம் மாதிரிப் பரவுகிறது. காற்று தென்கிழக்கே அடித்ததால் எல்லாம் பொம்பெயியின் தலையில். தக்கை மாதிரி லேசான நுரைக்கல் மழை. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 15 செ.மீ. என்று ஏறிக்கொண்டே போய், இரவுக்குள் கூரைகள் பாரம் தாங்காமல் உட்காருகின்றன. மறுநாள் விடிந்த பிறகு வந்ததுதான் ஊரை முடித்தது. பலரும் நினைப்பதுபோல் நெருப்புக் குழம்பு இந்தத் தெருக்களில் ஓடவில்லை. வெந்த சாம்பலும் வாயுவும் கலந்த ஒரு காற்று, தரையோடு தரையாக, ஓடித் தப்ப முடியாத வேகத்தில் வந்தது. முதல் நாள் மதியமே கிளம்பியவர்கள் பலர் பிழைத்திருக்கிறார்கள். பொறுத்துப் பார்ப்போம் என்று இருந்தவர்களும், திரும்பி வந்தவர்களும்தான் இங்கே கிடந்தார்கள்.

இதை நமக்குச் சொன்னவர் ஒரு பதினேழு வயதுப் பையன். வளைகுடாவின் மறுகரையில் மிசேனும் துறைமுகத்தில் இருந்து பார்த்தவர், இளைய பிளினி. இருபத்தைந்து ஆண்டு கழித்து வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்கு எழுதிய இரண்டு கடிதங்களில் எல்லாம் இருக்கிறது. அவருடைய மாமா மூத்த பிளினி, அந்தத் துறைமுகத்தின் கடற்படைத் தளபதி. ஆட்களைக் காப்பாற்றக் கப்பல்களை எடுத்துக்கொண்டு மலையை நோக்கியே போனார். கரையில் ஸ்தாபியே என்ற இடத்தில் இறங்கி, அங்கே இரவு தங்கி, விழும் கல்லுக்குப் பயந்து தலையில் தலையணையைக் கட்டிக்கொண்டு கடற்கரைக்கு வந்தவர், அங்கேயே மூச்சடைத்து விழுந்தார்.

இந்த மூத்த பிளினியை நமக்கு வேறு வழியில் தெரியும். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் 37 தொகுதிகளில் எழுத முயன்ற மனிதர் அவர். முசிறித் துறைமுகத்தைப் பற்றியும், மோதுரா என்கிற ஊரில் இருந்து ஆண்ட பாண்டிய மன்னனைப் பற்றியும் எழுதியிருக்கிறார். மிளகைப் பற்றி அவருக்குப் பெரிய வியப்பு: ஒரு கனிக்கு உரிய எந்தச் சிறப்பும் இல்லை, இருப்பதெல்லாம் காரம், அதற்காக இந்தியா வரைக்கும் போகிறோமே என்று. யவனர்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதைப் பாடிய சங்கப் பாட்டை நாம் இந்தக் கரையிலிருந்து படிக்கிறோம். அந்த மிளகை வாங்கித் தின்ற கரையிலிருந்து எழுதியவர் இவர். குமுளியில் இருந்து மிளகு மூட்டை இறங்குகிற பாதையில் வளர்ந்த எனக்கு, மதுரையின் பெயரை எழுதிய ஒரு கை இந்தப் புகையில்தான் ஓய்ந்தது என்று தெரிந்தபோது கொஞ்ச நேரம் நகர முடியவில்லை. அப்பாவிடம் சொன்னேன். "நம்ம மெளகத் தின்ன ஆளா?" என்று கேட்டுவிட்டு மலையைத் திரும்பிப் பார்த்தார்.

குளியல் கூடம், நாடக அரங்கு, சாடிகள் பதித்த சமையல் கடை எல்லாம் வேக வேகமாகக் கடந்தோம். நாற்பது நிமிடம் போனதன் வலி அங்கேதான் தெரிந்தது. பஸ் ஊரின் கிழக்கு வாசல் பக்கம், வட்ட அரங்குக்கு வெளியே நின்றது. கிளம்ப இருபது நிமிடம் இருக்கிறது, கழிப்பறைக்கோ கடைக்கோ போகலாம் என்று வழிகாட்டி சொன்னபோது நான் அவரிடம் தனியாகப் போய், அப்பா திராட்சை விவசாயி என்றேன். அவர் ஒரு நொடி யோசித்துவிட்டு எங்கள் இருவரையும் மட்டும் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப்போனார்.

வட்ட அரங்குக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தோட்டம். வரிசையாகத் திராட்சைக் கொடிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு முளைக்குச்சி. அந்த இடத்தை ரொம்ப காலம் மாட்டுச் சந்தை என்றே நினைத்திருந்தார்கள். 1960களில் வில்ஹெல்மினா ஜஷெம்ஸ்கி என்ற அமெரிக்க அறிஞர் வந்து தோண்ட ஆரம்பித்தார். வேர் மட்கிப் போன இடத்தில் ஓட்டை இருக்கும். எரிமலைக் கற்கள் அதற்குள் சரிந்து நிரம்பியிருக்கும். அந்தப் பொடிக்கல்லை மெதுவாகச் சுரண்டி எடுத்துவிட்டு, ஓட்டைக்குள் சிமெண்டை ஊற்றி, இறுகிய பிறகு சுற்றி உள்ள மண்ணை எடுத்தால் வேர் அப்படியே வந்து நிற்கும். எது கொடியின் வேர், எது குச்சி நட்ட குழி என்று பிரித்துப் பார்க்கலாம். அப்படி ஒவ்வொன்றாக எடுத்து எண்ணியதில் கொடிகள் 2,014. சாறு பிழிந்த இடமும், மண்ணில் புதைத்த சாடிகளும் அதே தோட்டத்தில் கிடைத்தன. ஊர் மதிலுக்குள்ளே ஒரு முழுத் திராட்சைத் தோப்பு.

நான் தமிழில் சொல்லச் சொல்ல அப்பா வேலியைப் பிடித்தபடி நின்றார். "2,014-ஆ? எண்ணுனாங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். அப்புறம் இந்தப் பக்கம் நின்றே கண்ணாலேயே இடைவெளியை அளந்தார்.

"நாலடி இருக்கும் கொடிக்குக் கொடி."

வழிகாட்டியிடம் சொன்னேன். ரோமானிய அடியில் நாலு, பழைய வேர்கள் இருந்த கணக்கும் அதுதான், என்றார் அவர். அந்தப் பக்கம் கொஞ்ச தூரத்தில் இன்னொரு தோட்டம். பெரியவர்களும் குழந்தைகளுமாகப் பதின்மூன்று பேர் வெளியேற முயன்று விழுந்த இடம். 1961-இல் கண்டெடுத்தார்கள். அதுவும் கொடி வளர்ந்த நிலம்தான். உடல் மட்கிய வெற்றிடத்தில் சாந்து ஊற்றி உருவம் எடுக்கிற முறையை 1863-இல் ஜியுசெப்பே ஃபியோரெல்லி தொடங்கியிருந்தார். ஒருவர் ஒருக்களித்து ஒரு கையை ஊன்றி எழப் பார்க்கிறார். அந்தக் கையை நான் விவரிக்க விரும்பவில்லை. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். திரும்பும்போது, "மனுசனுக்குச் செஞ்ச மாதிரியே கொடிக்கும் செஞ்சிருக்காங்க" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

மதியச் சாப்பாடு மலையின் தெற்குச் சரிவில் ஒரு குடும்பத்தின் திராட்சைத் தோட்டத்தில். பயண ஏற்பாட்டில் அதுவும் சேர்த்தி. அறுவடை அப்போதுதான் முடிந்திருந்தது. கொடியில் அங்கங்கே விட்டுப்போன குலைகள். அப்பா சாப்பாட்டு மேசைக்குப் போகாமல் நேரே வரப்பில் இறங்கிவிட்டார். ஒரு கை மண்ணை அள்ளினார். கறுப்பாக, வறுத்த ரவை மாதிரிப் பிரிந்து விழுந்தது. எங்கள் பக்கத்துச் செவலைப்போல ஒட்டவில்லை, கரிசலைப்போலக் கட்டியாகவும் இல்லை.

"தண்ணி நிக்காது. வேரு எங்க வேணாலும் ஓடும். இதுல சாம்பல் சத்து இருக்கும் தாயி, பாரு எல பச்சைய."

தோட்டக்காரர் பக்கத்தில் வந்தார். வழிகாட்டி நடுவில் நின்று இத்தாலிய மொழியை ஆங்கிலமாக்க, நான் ஆங்கிலத்தைத் தமிழாக்க, இருபது நிமிடம் ஓடியது. தண்ணீர் பாய்ச்சுவதில்லை, மழை மட்டும். வருஷத்துக்கு ஒரே அறுவடை. ஒட்டுக் கட்டாத கொடிகள், சொந்த வேரிலேயே நிற்பவை. ஐரோப்பாவின் திராட்சையை எல்லாம் வேரில் தின்று அழித்த பூச்சியால் இந்த மணல் சாம்பலுக்குள் பெருக முடியவில்லையாம். அப்பா அதைக் கேட்டு அப்படியே வாயடைத்துப் போனார். எங்கள் ஊரில் வேர்ப்புழுவுக்காகப் பட்ட பாடு அவருக்குத்தானே தெரியும். தன் போனை எடுத்து எங்கள் பந்தலைக் காட்டினார். வருஷம் முழுக்கக் குலை தொங்கும், ஒரு பக்கம் கவாத்து, ஒரு பக்கம் அறுவடை என்று நான் சொன்னதும், அந்த மனிதர் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அப்பா மது தொடமாட்டார். அவருக்கென்று தோட்டக்காரர் உத்தரத்தில் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருந்த சின்னத் தக்காளியைப் பறித்து, ரொட்டியில் நசுக்கி, உப்புப் போட்டுக் கையில் கொடுத்தார். மூக்கு நுனி கூர்ந்த தக்காளி. அந்தக் கொத்து குளிர்காலம் முழுக்கக் கெடாமல் தொங்குமாம். பொம்பெயி மதுவைக் குடித்தால் மறுநாள் நண்பகல் வரை தலைவலிக்கும் என்று மூத்த பிளினி எழுதி வைத்திருப்பதை வழிகாட்டி சொல்ல, தோட்டக்காரர் நெஞ்சில் கை வைத்து, இப்போது அப்படி இல்லை என்றார்.

அங்கேதான் அப்பா ஒரு கேள்வி கேட்டார். "அன்னைக்கு மல வெடிச்சப்ப அவங்க அறுவடைய முடிச்சிருந்தாங்களா?"

இதைக் கேட்டு வழிகாட்டி என் அப்பாவை வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தார் என்றே சொல்ல வேண்டும். ஏனென்றால் அறிஞர்கள் நெடுங்காலமாக விவாதித்ததும் அதைத்தான். இளைய பிளினி கடிதத்தின் கையெழுத்துப் படிகளை வைத்து ஆகஸ்ட் 24 என்றுதான் உலகம் சொல்லிவந்தது. ஆனால் சாடிகளில் புதுச் சாறு ஊற்றி மூடப்பட்டிருந்தது, இலையுதிர்காலக் கனிகள் கிடைத்தன. 2018-இல் ஒரு வீட்டுச் சுவரில் கரித்துண்டால் கிறுக்கிய ஒரு வரி கிடைத்தது. அதிலுள்ள தேதி நம் கணக்கில் அக்டோபர் 17. கரி எழுத்து நீண்ட நாள் நிற்காது என்று கருதியதால், வெடித்தது அக்டோபர் கடைசியில் என்பவர்கள் பக்கம் கனம் கூடியது, விவாதம் இன்னும் முடியவில்லை. அப்பாவுக்கு நிம்மதி வரவில்லை. "வெட்டி, பிழிஞ்சு, மூடி வச்சுட்டுப் போயிருக்காங்க" என்றார். ஒரு வருஷ உழைப்பு சாடிக்குள் போன பிறகு வந்த சாவு என்பது அவருக்கு இன்னும் கொடுமையாகப் பட்டது.

மலைக்கு எர்கொலானோ பக்கமாக ஏறினோம். வளைவுகளில் 1944-இன் குழம்பு உறைந்து கிடக்கிறது. கறுப்பாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். வெள்ளி பூசினாற்போல் இருந்தது. ஒரு வகைப் பாசிக்காளான், புதுப் பாறையில் முதலில் வந்து குடியேறுவது அதுதான். அது பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று பொடியாக்கிய பிறகே புல், பிறகு மஞ்சள் பூப் புதர், பிறகு மரம். வழியில் பழைய ஆய்வகக் கட்டடம் தெரிந்தது. 1841-இல் தொடங்கியது, எரிமலையைக் கண்காணிக்க உலகில் முதலில் எழுந்த ஆய்வகம்.

பஸ் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் நடை. ஒரு கிலோமீட்டருக்கும் குறைவுதான், ஆனால் முழுக்க ஏற்றம், நிழல் கிடையாது, காலடியில் பொடிக்கல் சறுக்கும். பிடிப்பான ஷூ கட்டாயம். கீழே வெயில் அடித்தாலும் மேலே காற்று பிடுங்கும், ஒரு ஸ்வெட்டர் வேண்டும். நுழைவாயிலில் கைத்தடி கொடுத்தார்கள். சுருளி அருவிப் படி ஏறிய கால்கள் அப்பாவுடையவை. நான்தான் மூன்று இடத்தில் நின்றேன்.

விளிம்பில் நின்று உள்ளே பார்த்தால், 300 மீட்டர் ஆழத்துக்கு ஒரு கிண்ணம். எதிர்ச் சுவரில் இரண்டு மூன்று இடத்தில் லேசாக ஆவி கசிகிறது, தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தபின் மிச்சம் நிற்கிற அளவுக்கு. கந்தக வாசம் காற்று திரும்பும்போது மட்டும் வந்தது. நெருப்பு எங்கும் இல்லை. ஏமாற்றமாக இருந்தது என்று சிலர் பேசிக்கொண்டார்கள். அப்பா கைத்தடியால் எதிர்ச் சுவரைக் காட்டினார்.

"கெணறு வெட்டுன மாதிரி இருக்கு பாரு. அந்தக் கறுப்புப் பட்டை ஒரு வாட்டி வந்தது. அதுக்கு மேல செவப்பு, அது ஒரு வாட்டி. மேல பொடி."

அப்படித்தான். ஒவ்வொரு வெடிப்பும் ஒரு அடுக்கு. பொம்பெயிக்காரர்கள் பார்த்த மலை இதே வடிவில் இல்லை. நாங்கள் நின்ற கூம்பு பெரும்பாலும் அதற்குப் பிறகு வளர்ந்தது. வடக்கே அரை வட்டமாக நிற்கிற சோம்மா முகடுதான் பழைய மலையின் மிச்சம்.

விளிம்பை ஒட்டித் தெற்கே நடந்து போகிறவர்கள் குறைவு. நேரமிருந்தால் தயவுசெய்து போங்கள், அந்த இடத்துக்காகத்தான் இந்த இரண்டையும் ஒரே நாளில், காலையில் ஊர், மதியம் மலை என்ற வரிசையில் பார்க்கச் சொல்கிறேன். கீழே சமவெளியில் வழிகாட்டி விரலால் காட்டிய இடத்தில் பழுப்பாக ஒரு திட்டு. ஓரத்தில் சட்டைப் பொத்தான் மாதிரி வட்ட அரங்கு. காலையில் இரண்டு மணி நேரம் மூச்சு வாங்க ஓடியும் பாதி பார்க்க முடியாத ஊர் அது. மலையின் காலடியில் அது அவ்வளவுதான் இருந்தது. அந்தத் திட்டுக்கும் எங்களுக்கும் நடுவில், வலப்பக்கம் கடல் வரைக்கும், இடப்பக்கம் கண் எட்டும் வரைக்கும், இடைவெளியே இல்லாமல் வீடுகள். மாடியில் துணி காய்கிறது. ஸ்கூட்டர் சத்தம்கூடக் கேட்கிற மாதிரி.

அபாய எல்லைக்குள் இருப்பவை 25 ஊராட்சிகள், ஏறக்குறைய ஏழு லட்சம் பேர். அறிகுறி தெரிந்தால் 72 மணி நேரத்தில் எல்லோரையும் வெளியேற்றத் திட்டம் இருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் வேறு ஊருக்குக் குடிபோகிற குடும்பங்களுக்கு 30,000 யூரோ வரை தருவதாக அரசு சொல்லியும் போனவர்கள் சிலரே. 1631-இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்த வெடிப்புக்குப் பிறகு, போர்த்திசி என்ற ஊரில் ஒரு கல்வெட்டு வைத்தார்கள். வருங்காலத் தலைமுறைகளே, இது உங்களைப் பற்றியது, என்று தொடங்கும் லத்தீன் எழுத்து. அந்தக் கல்லைச் சுற்றியும் இப்போது ஊர்தான்.

நான் வழிகாட்டியிடம் கேட்டேன், நீங்கள் ஏன் போகவில்லை என்று. இந்தக் கேள்வியைத் தினமும் யாராவது கேட்பார்கள் போல. அவர் கோபப்படவில்லை. தனக்கென்ன, தான் போய்விடுவேன், அம்மாதான் வரமாட்டார் என்றார். வீட்டுக்குப் பின்னால் ஆப்ரிகாட் பழ மரங்கள் வைத்திருக்கிறாராம். எண்பது தாண்டிவிட்டது, இன்னும் ஏணியில் ஏறுகிறார் என்றார்.

அப்பாவுக்கு மொழிபெயர்த்தேன்.

"எத்தன மரம்?"

"ஒன்பது" என்றார் அவர்.

அப்பா தலையை ஆட்டினார். "அப்ப எப்படி வருவாங்க."

இதை மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. வழிகாட்டி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, சறுக்கலான இறக்கத்தில் எங்கள் கூட வராமல், அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். இரண்டு பேரும் இரண்டு மொழியில் ஏதோ பேசிக்கொண்டே இறங்கினார்கள். நான் பின்னால் வந்தேன்.

மலையிலிருந்து கல்லோ மண்ணோ எடுக்கக் கூடாது, தேசியப் பூங்கா. நாங்களும் எடுக்கவில்லை. ஆனால் இரவு நேப்பிள்ஸ் விடுதியில் அப்பா ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தபோது ஒரு தேக்கரண்டி அளவுக்குக் கறுப்புப் பொடி தரையில் கொட்டியது. செய்தித்தாளை விரித்து, விரலால் கூட்டி அதில் எடுத்தார். விளக்குக்கு அடியில் கொண்டுபோய் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். பால்கனியில் விடுதிக்காரர்கள் ஒரு தொட்டியில் துளசி மாதிரியான செடி வைத்திருந்தார்கள், சமையலுக்குப் போடுகிற பேசில். தாளை மடித்து அதன் அடியில் தட்டிவிட்டு, குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து ஊற்றினார். பிறகு போனை எடுத்து ஊருக்கு அடித்தார்.

"கவாத்து முடிஞ்சதா?"